வேலையை விட்டு ஒன்பது மாதப் பயணம்: கடிதம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் முடிக்க வேண்டும்?

தறிமகள் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன்; சேர்ந்து பதினோரு ஆண்டும் எட்டு மாதமும் ஆகின்றன. வயது 37, தனியாள். சென்னிமலையில் அப்பா அம்மாவுடன் இருந்துகொண்டு தினமும் பேருந்தில் போய் வருகிறேன். தம்பி குடும்பத்துடன் ஓசூரில் இருக்கிறான். அப்பா நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் போர்வை நெய்தவர். முழங்கால் தேய்ந்து மிதி பலகையை மிதிக்க முடியாமல் போனதால் மூன்று ஆண்டுகளுக்கு முன் தறியை விட்டு எழுந்தார்.

நூலை நெய்வதற்கு முன்பே முடிச்சிட்டுச் சாயம் ஏற்றி, பிறகு தறியில் கோத்து உருவத்தை வரவழைக்கும் இக்கத் முறையை, அது பிழைத்திருக்கும் ஊர்களில் சில வாரங்கள் தங்கி அருகில் இருந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. உஸ்பெகிஸ்தானில் மர்கிலான், பாலித் தீவில் தெங்கானன், லாவோஸில் லுவாங் பிரபாங் ஆகிய மூன்றும் முக்கியம். ஹனோய்க்குப் பக்கத்தில் இருக்கும் வான் ஃபுக் பட்டு நெசவுக் கிராமத்தையும் பார்க்க வேண்டும். பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டிலும் முடிச்சிட்டுச் சாயமேற்றும் இரட்டை இக்கத் இந்தியாவிலும் ஜப்பானிலும் பாலியில் தெங்கானன் என்ற அந்த ஒரே ஊரிலும்தான் மரபாக நெய்யப்படுகிறது என்று படித்த நாளிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை.

கையில் ஒன்பது லட்சத்துக்குச் சற்று மேல் சேமிப்பு இருக்கிறது. அதில் ஆறரை லட்சத்துக்குள் ஒன்பது மாதங்களை முடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. நோட்டீஸ் காலம் 60 நாள். ராஜினாமா கடிதத்தைத் தட்டச்சு செய்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இந்த மாத இறுதியில் கொடுத்துவிட்டு வியட்நாமிலிருந்து பயணத்தைத் தொடங்கலாம் என்று இருக்கிறேன். கடவுச்சீட்டு இன்னும் பதினான்கு மாதங்களுக்குச் செல்லும். ஊதியமில்லா விடுப்பும் கேட்டுப் பார்த்தேன். மூன்று மாதத்துக்கு மேல் தர இயலாது என்று மேலாளர் மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

கடிதம் கையை விட்டுப் போன பிறகு செய்ய முடியாதவை எவை, போன பிறகும் நிதானமாகச் செய்யக்கூடியவை எவை என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


பழைய கணக்கர்:

வணக்கம் அம்மா. முப்பத்து நான்கு ஆண்டுகள் நூற்பாலை ஒன்றின் ஊதியப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கடிதம் இன்னும் ஆறேழு வாரங்கள் இழுப்பறையிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதச் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்வரை திறந்திருக்கும் சில கதவுகள், ராஜினாமா ஏற்கப்பட்ட மறுநாளே மூடிக்கொள்கின்றன.

முதலில் பெயர். நம் ஊரில் இதுதான் எல்லாவற்றுக்கும் வேர். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்துடன் ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயர் விரித்து எழுதப்பட்ட ஒரு பெயர், வருங்கால வைப்பு நிதிக் (பி.எஃப்.) கணக்கில் முன்னெழுத்து பின்னால் போன இன்னொரு பெயர் என்று ஒரே ஆள் மூன்று ஆளாக இருப்பதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். வேலையில் இருக்கும்போது வைப்பு நிதிப் பெயரைத் திருத்துவது, நிறுவனத்தில் அதைப் பார்த்துக்கொள்பவரிடம் போய் நின்றால் முடியக்கூடிய வேலை. வேலையை விட்டு வேறொரு நாட்டில் இருந்துகொண்டு அதே திருத்தத்துக்கு அலைந்தவர்களின் தவிப்பை நான் அறிவேன். ஆதார், பான், வைப்பு நிதி, வங்கி, கடவுச்சீட்டு ஆகிய ஐந்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுகளுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தபோது நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் சிக்கிக்கொண்டார்கள். உங்கள் வழியில் அமீரகம் இல்லைதான். ஆனால் மின்விசா படிவங்களும் விமானச்சீட்டுத் தளங்களும் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட அனுமதிப்பதில்லை. ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் நிரப்பினால் விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கடவுச்சீட்டை இப்போதே புதுப்பித்துவிடுங்கள். பல நாடுகள் நுழையும் நாளில் ஆறு மாதச் செல்லுபடி கேட்கின்றன. பதினான்கு மாதத்தில் ஒன்பதைக் கழித்தால் ஐந்துதான் மிஞ்சும். மின்விசா கடவுச்சீட்டு எண்ணோடு கட்டப்பட்டது என்பதால், விசா எடுத்த பிறகு சீட்டை மாற்றினால் அந்த விசாவும் வீண். 36 பக்கச் சீட்டுக்கு 1,500 ரூபாய், 60 பக்கச் சீட்டுக்கு 2,000 ரூபாய். 60 பக்கத்தையே கேளுங்கள்.

பணிக்கொடை (கிராச்சுவிட்டி) உங்கள் உரிமை. சட்டத்தின் கணக்குப்படி, கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கொள்ளப்படும். ஆகவே உங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு. அந்தத் தொகை 26,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 15,000 வீதம் 1,80,000 ரூபாய் வரும். இதை நீங்கள் சேமிப்புக் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காதீர்கள். வேலையை விட்ட பிறகும் அதற்கு வட்டி ஏறும்; விலகிய நாளுக்குப் பிந்தைய வட்டிக்கு வருமான வரி உண்டு, அவ்வளவுதான். பத்து ஆண்டைத் தாண்டிவிட்டதால் ஓய்வூதியப் பங்கு 58 வயதில் மாத ஓய்வூதியமாக உங்களுக்கு வரும். நியமனதாரர் பதிவை இணையத்தில் இப்போதே முடித்துவிடுங்கள்.


ஈரோட்டுச் செவிலி:

தங்கைக்கு வாழ்த்துகள். கணக்கர் ஐயா பணத்தைப் பற்றி எழுதிவிட்டார். நான் மருத்துவக் காப்பீட்டைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை. உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் அப்பாவும் அம்மாவும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா? அப்படியானால் உங்கள் கடைசி வேலை நாளன்று நள்ளிரவோடு அவர்கள் இருவரும் காப்பீடு இல்லாதவர்களாகிவிடுவார்கள். எங்கள் வார்டில் இப்படி வந்து நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை வேலை மாறிய இடைவெளியில் பெற்றோருக்கு நெஞ்சுவலி வந்துவிடும். பழைய அட்டையைச் சேர்க்கைப் பிரிவில் நீட்டுவார்கள், அது செல்லாது என்று அங்கே சொல்லும்போதுதான் அவர்களுக்கே தெரியவரும்.

குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் அல்லது குடும்பக் காப்பீட்டுக்கு மாறிக்கொள்ள விதிகளில் வழி இருக்கிறது. அப்படி மாறினால் இதுவரை கழித்த காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குப் பணம் தராத தொடக்கக் காலம்) கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்பை மூன்று ஆண்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2024இல் விதி வந்தது என்றாலும், சர்க்கரையும் முழங்கால் தேய்மானமும் உள்ள ஒரு பெரியவருக்கு அந்த மூன்று ஆண்டே மிக நீண்டது. கடைசி வேலை நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை வாங்கிவிடுங்கள். அப்பா அம்மா தனிக் குடும்ப அட்டையில் இருந்து, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியுமா என்றும் பாருங்கள். அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. வருமானச் சான்று வாங்க நாளாகும்.

இனி உங்கள் உடம்பு. நீங்கள் போகும் வழிக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையில்லை. டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஆகிய இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கிராமங்களில் வாரக்கணக்கில் தங்கப்போவதால், வெறிநாய்க்கடிக்குப் பயணத்துக்கு முன்பே போடும் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். அதைப் போட்டிருந்தாலும் கடித்த பிறகு மறுபடி ஊசி வேண்டும். ஆனால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. லாவோஸ் போன்ற நாட்டின் உட்பகுதியில் கிடைப்பதற்கு அரிதான மருந்து அதுதான். தவணைகளுக்கு இடையே நாள் விட வேண்டியிருப்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

வலி மாத்திரைகளில் ட்ரமடால், கோடீன் கலந்தவை எதையும் மத்திய ஆசிய நாடுகளுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். இங்கே இருமல் மருந்தாக விற்கப்படுவது அங்கே போதைப்பொருள் பட்டியலில் இருக்கும். மற்ற மருந்துகளையும் அட்டையைக் கிழிக்காமல், ஆங்கில மருந்துச் சீட்டுடன் கொண்டுபோங்கள்.


மலைப்பாதை:

அக்கா, நீங்கள் சொன்ன வழியை அப்படியே தலைகீழாக்கிவிடலாம் என்பது என் கருத்து. நான் 2023இலும் 2024இலுமாக வியட்நாம், லாவோஸ், உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான் நான்கிலும் சுற்றியவன்.

மாத இறுதியில் கடிதம் கொடுக்காமல் ஆறு வாரம் தள்ளிக் கொடுத்தால், நோட்டீஸ் முடிந்து நீங்கள் கிளம்ப மே மாதம் ஆகிவிடும். அப்போது வியட்நாமின் வடக்கிலும் லாவோஸிலும் மழை தொடங்கியிருக்கும். ஆனால் மர்கிலான் இருக்கும் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கில் அதுதான் பட்டுப்புழுக் காலம். மல்பெரிக் கிளைகளை வெட்டி வீட்டுக்குள் பரப்பிப் புழு வளர்ப்பதும், கூடு எடுப்பதும் மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் நடக்கும்; ஜூலையில் போனால் வெயில் 40 டிகிரியில் நிற்கும், கூடு இருக்காது. ஆகவே முதலில் உஸ்பெகிஸ்தான், பிறகு பாலி, மழை ஓய்ந்த பின் நவம்பரிலிருந்து லாவோஸும் வியட்நாமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காய்ந்த காலம். சாயமேற்றிய நூலை வெளியில் உலர்த்துவதைப் பார்க்க அதுவே தோது.

விசா விவரம்: உஸ்பெகிஸ்தானுக்கு 30 நாள் மின்விசா, கட்டணம் 20 டாலர். அங்கே தங்கும் ஒவ்வோர் இடத்திலும் உங்களைப் பதிவு செய்ய வேண்டும். விடுதிக்காரர் செய்துவிடுவார், ஆனால் நெசவாளர் வீட்டில் தங்கினால் யார் பதிவு செய்வது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். கசகஸ்தானில் 14 நாள் வரை நமக்கு விசா தேவையில்லை. இந்தோனேசியாவில் வந்திறங்கியதும் தரும் விசா 30 நாள், ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம், கட்டணம் ஐந்து லட்சம் ருப்பியா. வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் மின்விசா தருகிறது, ஒருமுறை நுழைய 25 டாலர். அந்தப் படிவத்தில் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் விமானத்தில் ஏற்ற மறுப்பார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு நாட்டுக்கும் கிளம்பும் முன் அந்தந்த அரசின் தளத்திலேயே மறுபடி பாருங்கள். நடுவில் நிற்கும் தளங்கள் இரட்டிப்புக் கட்டணம் வாங்கிக்கொள்ளும்.

தாஷ்கண்டிலிருந்து மர்கிலானுக்கு ரயிலிலேயே போங்கள். 2016இல் திறந்த அந்தப் பாதையில் கம்சிக் கணவாய்க்கு அடியில் 19 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வரும். கால் மணி நேரம் ஜன்னலில் உங்கள் முகம் மட்டுமே தெரியும். அதைத் தாண்டினால் பள்ளத்தாக்கு விரியும்.

ஒரு விஷயத்தை மட்டும் என் சொந்த அனுபவத்திலிருந்து அழுத்திச் சொல்கிறேன். இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தரப்படுவது. வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அனுமதியை. இதை அறியாமல் நான் ஹா சாங் மலைப்பாதையில் வாடகை ஸ்கூட்டர் ஓட்டினேன். மூன்றாம் நாள் மாலை, ஜல்லி கொட்டிக் கிடந்த ஒரு வளைவில் வண்டி சறுக்கி இடது மணிக்கட்டு முறிந்தது. பயணக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவச் சீட்டுகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த நாட்டில் செல்லும் உரிமத்தின் நகல் எங்கே என்ற ஒரே கேள்வியில் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. நான்கு மாதச் செலவுக்கு வைத்திருந்த பணம் ஒரே வாரத்தில் போயிற்று. அங்கே பேருந்தில் போங்கள், அல்லது உள்ளூர்க்காரர் ஓட்டும் வண்டியில் பின்னால் அமர்ந்து போங்கள். பயணக் காப்பீட்டில் எத்தனை நாள் வரை செல்லும் என்பதையும் பாருங்கள். 180 நாளோடு நிற்கும் திட்டங்களே அதிகம், உங்களுடையது ஒன்பது மாதம். நீட்டிப்பு எப்படி என்று வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.


நொய்யல்வாசி:

நானும் திருப்பூரில் இதே தொழிலில் இருப்பவன். ஊக்கம் குறைப்பதற்காக எழுதவில்லை, அக்கறையால் எழுதுகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக்கியபோது, தைத்து அடுக்கிய பெட்டிகள் கிடங்கிலேயே நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருக்கிற நாற்காலியைப் பிடித்துக்கொள்ள எல்லோரும் பாடுபடும் ஊரில், பன்னிரண்டு ஆண்டு நாற்காலியை நீங்களாகவே விட்டுப் போனால் ஒன்பது மாதம் கழித்து அதே ஊதியத்தில் வேறொன்று கிடைக்கும் என்பதற்கு என்ன உறுதி? அந்த மூன்று மாத விடுப்பை ஏற்றுக்கொண்டு மர்கிலானுக்கும் தெங்கானனுக்கும் மட்டும் போய் வந்தால் என்ன? மற்றதை இன்னொரு முறை பார்க்கலாமே.


தறிமகள்:

நொய்யல்வாசி அண்ணா, நீங்கள் சொல்வதை நான் தூக்கம் வராத இரவுகளில் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்று மாத விடுப்பை மறுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பாவு கட்டி, முடிச்சிட்டு, சாயம் ஏற்றி, காய வைத்து, தறியில் ஏற்றி இறக்கும்வரை கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்றால் ஓர் ஊரில் நான்கைந்து வாரம் தேவை. தெங்கானனில் சிவப்புச் சாயம் நுணா இனத்து மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. நல்ல சிவப்பு ஏற, நூலைத் தோய்த்து, காய வைத்து, மாதக்கணக்கில் ஆறப்போட்டு மறுபடி தோய்க்கிறார்கள். அதை அவசர நடையில் பார்க்க எனக்கு மனமில்லை. அப்பாவின் முழங்காலையும் என் வயதையும் சேர்த்துப் பார்த்தால், இன்னும் ஐந்து ஆண்டு கழித்து நான் வீட்டை விட்டு இத்தனை மாதம் போக முடியாது என்பதும் தெரிகிறது.

வேலைச் சந்தையைப் பற்றி நீங்கள் எழுதியது உண்மை. அதனால், திரும்பி வந்து ஆறு மாதம் வேலை கிடைக்காவிட்டாலும் வீடு நடக்க வேண்டிய பணத்தைத் தனி வைப்பில் போட்டு, பயணக் கணக்கிலிருந்து பிரித்துவிட்டேன். கணக்கர் ஐயா சொன்ன பணிக்கொடை வந்தால் அதுவும் அங்கேயே போகும்.

வீட்டில் சொன்ன அன்று பெரியப்பாவும் வந்திருந்தார். "திரவியம் தேடத்தான் திரைகடல் ஓடச் சொன்னார்கள், இருக்கிற திரவியத்தைக் கரைக்க ஓடச் சொல்லவில்லை" என்றார். அம்மா எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அப்பா மட்டும், "அந்த ஊரில் முடிச்சுக்கு என்ன நார் கட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு வா" என்றார். அம்மாவிடம் இன்னும் நான் சரியாகப் பேசி முடிக்கவில்லை.

செவிலி அக்கா, அப்பாவும் அம்மாவும் குழுக் காப்பீட்டில்தான் இருக்கிறார்கள். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் இதை யோசித்திருக்கவே மாட்டேன். நாளைக்கே விண்ணப்பத்தைத் தொடங்குகிறேன்.


மாடித்தோட்டம்:

அம்மாவிடம் பேசுங்கள் தங்கையே, அதைத் தள்ளிப் போடாதீர்கள். நான் 2019இல் ஏழு மாதம் போனேன். தயாரிப்பெல்லாம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் போனேன். நான்காவது மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பணம் என் கணக்கில் இருந்தது, ஆனால் கணக்கு என் பெயரில் மட்டும் இருந்தது. அண்ணன் வங்கிக்குப் போய்க் கேட்டதற்கு, அவர் நியமனதாரர்தான், நியமனதாரருக்குக் கணக்கு வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்வரை எந்த உரிமையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான். நான் ஒரு மலைக் கிராமத்தில் சிக்னல் இல்லாமல் இருந்தேன். ஓடிபி வரவில்லை. அண்ணியின் நகையை அடகு வைத்துத்தான் மருத்துவமனையில் முன்பணம் கட்டினார்கள். அந்த இரண்டு நாளை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே வீட்டுச் செலவுக்கும் மருத்துவத்துக்குமான பணத்தை, உங்களில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில், தம்பி பெயரையோ அம்மா பெயரையோ சேர்த்து வையுங்கள். சொத்து, வரி, மின் இணைப்பு போன்றவற்றுக்குத் தம்பிக்கு ஒரு குறிப்பிட்ட அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒப்படைக்கும் பொது அதிகாரம் தேவையில்லை, எந்தெந்தச் செயலுக்கு என்று வரையறுத்து எழுதினாலே போதும். கிளம்பும் முன் ஒரு நாள் அம்மாவை ஏடிஎம்மிற்கு அழைத்துப் போய், அவரே அட்டையைச் செருகிப் பணம் எடுக்கும்படி செய்யுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது, நான்கைந்து முறை எடுக்கட்டும்.

அம்மாவிடம் பேசும்போது தேதியோடு பேசுங்கள். எங்கே, எந்த வாரம் வரை, எந்த நாளில் அழைப்பீர்கள், தம்பி எந்த ஞாயிறுகளில் வருவான் என்று நாள்காட்டியில் எழுதி மாட்டுங்கள். நான் போனபோது அம்மா பயந்தது தூரத்துக்காக அல்ல. நான் எப்போது வருவேன் என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் சொல்ல அவரிடம் பதில் இல்லாமல் போனதற்காகத்தான்.


பழைய கணக்கர்:

மேலே எழுதிய அம்மையார் ஓடிபியைப் பற்றிச் சொன்னதால் அதையும் வரியையும் முடித்துவிடுகிறேன்.

வங்கி, ஆதார், வைப்பு நிதி எல்லாமே ஒரே கைப்பேசி எண்ணில் தொங்குகின்றன. அந்த எண்ணுக்குப் பன்னாட்டு ரோமிங் வசதியை இங்கே இருக்கும்போதே இயக்கி, ஒன்பது மாதத்துக்கும் காலாவதியாகாதபடி ரீசார்ஜுக்கு ஏற்பாடு செய்யுங்கள். தொண்ணூறு நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் இல்லாமல் கிடந்தால் எண் பறிபோய் இன்னொருவருக்குப் போகக்கூடும். சிம்மை வீட்டிலேயே பழைய கைப்பேசியில் விட்டுவிட்டு அம்மாவை ஓடிபி படிக்கச் சொல்லும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டே, தொலைபேசியில் கேட்டால் படித்துக் காட்டு என்றும் பழக்கினால், மோசடிக்காரன் அழைக்கும் நாளில் அவர்கள் யாரை நம்புவார்கள்? சிம் உங்களுடனேயே இருக்கட்டும். இணையத்துக்கு அந்தந்த நாட்டு இசிம் போதும்.

கடன் அட்டை வேண்டுமென்றால் சம்பளச் சீட்டு இருக்கும் இந்த வாரங்களிலேயே விண்ணப்பியுங்கள். அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் இல்லாத அட்டையாகப் பாருங்கள். சாதாரண அட்டைகளில் அது மூன்றரை விழுக்காடு வரை போகும், ஆறரை லட்சத்தில் அது இருபத்திரண்டாயிரத்துக்கு மேல். வெவ்வேறு அட்டை வலையமைப்பில் (விசா, மாஸ்டர்கார்டு போல) இரண்டு அட்டைகள், வெவ்வேறு பையில் இருக்கட்டும். இரண்டுமே திரும்பும் தேதிக்குப் பிறகுதான் காலாவதியாக வேண்டும். வெளிநாட்டு இயந்திரம் ரூபாயில் கழிக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். டாலர் தாள்களை மடிப்பும் மைக்கறையும் இல்லாதவையாகப் பார்த்து வாங்குங்கள்.

வரியில் பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. ஒன்பது மாதம் வெளிநாட்டில் இருந்தால் வெளிநாடுவாழ் இந்தியர் ஆகிவிடலாம் என்பார்கள். வேலைக்காக வெளியேறுபவர்களுக்கு உள்ள 182 நாள் சலுகை சுற்றுலாவாகப் போகிறவர்களுக்குப் பொருந்தாது. அந்த நிதியாண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாளும் இங்கே இருந்தவர் உள்நாட்டில் வசிப்பவராகவே கருதப்படுவார். உங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களும் திரும்பி வந்த பின் உள்ள நாட்களும் சேர்ந்தாலே அறுபது தாண்டிவிடும். ஆகவே ஜூலை 31க்குள் வழக்கம்போல் கணக்கு தாக்கல் செய்து, 30 நாளுக்குள் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றான படிவம் 16ஐ நிறுவனம் ஜூனில் அனுப்பும்; அதை அலுவலக முகவரிக்கு அல்லாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி கடைசி நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.


தறிமகள்:

இந்த இழையைத் தொடங்கி பத்து வாரம் ஆகிறது. நடந்தவற்றைச் சொல்ல வந்தேன்.

புதிய கடவுச்சீட்டு 60 பக்கத்துடன் வந்துவிட்டது. வைப்பு நிதியில் என் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த முன்னெழுத்து திருத்தப்பட்டுவிட்டது. அதற்கு மட்டும் இருபத்து நான்கு நாளாயிற்று. அப்பா அம்மாவின் காப்பீடு தனித் திட்டத்துக்கு மாறி, காத்திருப்புக் காலம் கழிந்ததாகக் குறிப்பிட்ட கடிதமும் வந்துவிட்டது. அதைக் கையில் வாங்கிய மறுநாள்தான் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டு, பிரிவுச் சான்றும் அனுபவச் சான்றும் கடைசி நாளன்றே கையில் தருவதாகச் சொன்னார். நொய்யல்வாசி அண்ணா, திரும்பி வரும்போது இடம் இருந்தால் முதலில் எனக்குச் சொல்வதாகவும் சொன்னார். அதை நான் உறுதிமொழியாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

மலைப்பாதை தம்பி சொன்ன வரிசையையே எடுத்துக்கொண்டேன். மே இரண்டாம் வாரம் தாஷ்கண்ட். மின்விசாவில் நுழையும் தேதியை மூன்று முறை சரிபார்த்துத்தான் போட்டேன். வெறிநாய்க்கடி ஊசி முடிந்துவிட்டது. ஸ்கூட்டர் ஓட்டப்போவதில்லை.

அம்மாவிடம் பேசிவிட்டேன். நாள்காட்டியில் நான் ஊர்ப்பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நவம்பர் பக்கத்தைத் திருப்பி, கார்த்திகை தீபம் எந்த ஊரில் இருப்பாய் என்று கேட்டார். லுவாங் பிரபாங் என்றேன். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். இப்போது ஏடிஎம்மில் அவரே பணம் எடுக்கிறார். முதல் இரண்டு முறை அட்டையைத் திருப்பிச் செருகிவிட்டார், மூன்றாம் முறை சரியாக வந்தது.

நிறுவனத்தில் திருப்பி ஒப்படைக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் என் மேசையில் இருக்கும் நூல் எண்ணும் கண்ணாடியும் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டாக அங்குலத்துக்கு எத்தனை இழை என்று அதில்தான் எண்ணினேன். அதைக் கொடுத்துவிட்டு ஈரோட்டில் எனக்கென்று ஒன்று வாங்கியிருக்கிறேன். அப்பா அதை எடுத்துத் தன் பழைய போர்வை ஒன்றின் மீது வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

கணக்கர் ஐயா, கடைசி நாளுக்குப் பிறகு வைப்பு நிதி விஷயத்தில் நான் கவனிக்க வேண்டியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா?


பழைய கணக்கர்:

ஒன்று இருக்கிறது அம்மா. நிறுவனம் உங்கள் விலகல் தேதியைக் கணக்கில் பதிந்துவிட்டதா என்று பாருங்கள். பதியாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம்; அதற்கும் அந்தக் கைப்பேசி எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அப்போது நீங்கள் பாலியில் இருப்பீர்கள். ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.